செம்மரமும் செய்திச் சொல்லும்: 2015 சேசாசல நிகழ்வு குறித்த நாளிதழ்ப் பதிவுகள்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் விடியற்காலையில், திருப்பதியை அடுத்த சந்திரகிரிப் பகுதியில், சீவாரி மெட்டுக்கு அருகிலுள்ள சேசாசலக் காட்டில் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஓரிடத்தில் 11 உடல்களும் சற்றுத் தொலைவிலிருந்த மற்றோரிடத்தில் 9 உடல்களும் கிடந்தன. சுட்டது ஆந்திரப்பிரதேச அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் பணிக்குழு. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். மறுநாள் காலையில் தெலுங்கு, தமிழ், ஆங்கில நாளிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த ஒருவர், மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைப் படிப்பதாகவே எண்ணியிருப்பார். ஒன்றில் காட்டைக் காத்த காவலர்கள் இருந்தனர். மற்றொன்றில் அண்டை மாநிலத்தாரால் கொல்லப்பட்ட அப்பாவிகள் இருந்தனர். இன்னொன்றில் எண்ணிக்கையும் இரு தரப்பு மறுப்புகளும் இருந்தன. காடு குறித்த செய்தியில் சார்பு எவ்வாறு நுழைகிறது, அதை மொழியைக் கொண்டே எவ்வாறு இனங்காண இயலும் என்பதை இந்நிகழ்வின்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரமும் மலையும்

செம்மரம் அல்லது செஞ்சந்தனம் எனத் தமிழிலும் எர்ர சந்தனம் எனத் தெலுங்கிலும் வழங்கும் மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. சேசாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா, லங்காமலை ஆகிய மலைகளின் வறண்ட, பாறை மிகுந்த சரிவுகளே இதன் பிறப்பிடம். பழைய சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்நூல் மாவட்டங்களில் இது இயற்கையாக வளர்கிறது. மெல்ல வளரும் இம்மரத்தில் வைரம் பாயப் பல்லாண்டுகள் ஆகும். அவ்வைரத்திற்குத்தான் விலை. திருப்பதிக்குச் சென்று திரும்புவோர் வாங்கிவந்த மரப்பாச்சிப் பொம்மைகள் இம்மரத்தில் செய்யப்பட்டவை. எனவே தமிழ் வீடுகளுக்கு இது அயல்மரம் அன்று.

1995இல் இம்மரம் அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சேசாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் இம்மரத்தின் நிலையைச் சற்றுத் தளர்த்தி மதிப்பிட்டு, 2021இல் மீண்டும் அழிவுக்குள்ளாகும் இனமாக வகைப்படுத்தியது. இவை அனைத்தும் உண்மையான சூழலியல் செய்திகளே. ஆயினும் செம்மரம் நாளிதழின் முதற்பக்கத்திற்கு வந்தது இவற்றால் அன்று. மரம் பிடிபட்டபோதும் மனிதர் பிடிபட்டபோதும் அல்லது இறந்தபோதும் மட்டுமே அது செய்தியாயிற்று. சுற்றுச்சூழலுக்கு உரிய ஒரு பொருள் குற்றப்பிரிவுச் செய்தியாளரின் பொறுப்பில் விடப்பட்டது. சார்பின் முதற்படி இந்தப் பகுப்பிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

வேங்கடமும் கள்வரும்

இம்மலைப்பகுதி மக்களுக்குப் பெயரிடும் சிக்கல் இன்றைய இதழ்களோடு தோன்றியதன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வடவெல்லையாகக் குறிப்பது வேங்கடத்தை. அகநானூற்றில் மாமூலனார் வேங்கடத்துத் தலைவனாகிய புல்லியைக் கள்வர்க்குக் கோமானாகச் சுட்டுகிறார். அவனது கொடைத்திறத்தையும் மலையின் விழாச் சிறப்பையும் அதே பாடலில் புகழ்கிறார். ஈண்டுக் 'கள்வர்' என்பது தொழில் குறித்த சொல்லா, குடி குறித்த சொல்லா என்பதில் உரையாளர்களும் வரலாற்றாய்வாளர்களும் இன்றளவும் உடன்பட்டாரில்லை. களப்பிரரோடு இதனை இணைத்துப் பார்ப்போரும் உண்டு. குடிப்பெயராக இருந்திருக்கக்கூடிய ஒன்று, அக்குடியை அறியாதவர் காதில் குற்றப்பெயராக ஒலிப்பதற்கு இது பழமையான சான்றாகும். இதற்குமேல் இவ்வொப்புமையை நீட்டுதல் பொருந்தாது. புல்லியின் குடியினருக்கும் ஜவ்வாது மலையினருக்கும் நேர்த்தொடர்பு எதுவும் நிறுவப்படவில்லை.

நிருவாக எல்லைகள் இச்சிக்கலுக்கு மற்றொரு பரிமாணத்தைத் தந்தன. சித்தூர் ஒருகாலத்தில் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1911இல் தனி மாவட்டமாயிற்று. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது ம.பொ. சிவஞானம் தலைமையிலான தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் நினைவும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்த வரலாறும் தமிழ் இதழியலில் ஊறியவை. 2015 நிகழ்வு நடந்த சந்திரகிரி அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இன்று உள்ளது. வேங்கட மலையில் தமிழர் இறந்தனர் என்ற செய்தி, தமிழ் வாசகரிடம் காட்டுச் செய்தியாக அன்றி எல்லைச் செய்தியாகவே சென்று சேர்ந்ததற்கு இப்பின்புலம் உதவியது.

மறுநாள் நாளிதழ்கள்

தெலுங்கு இதழ்களில் செம்மரம் வெட்டுவோரைக் குறிக்க இரு தொடர்கள் நெடுநாளாக வழக்கில் உள்ளன. 'எர்ர தொங்கலு' என்பது ஒன்று. சிவப்புத் திருடர் என்பது அதன் நேர்ப்பொருள். 'எர்ர கூலீலு' என்பது மற்றொன்று. இரண்டிலும் 'எர்ர' என்னும் அடை மரத்திலிருந்து பெயர்ந்து மனிதன்மீது ஏறிவிட்டது. மரம் சிவப்பு என்பது போய் ஆள் சிவப்பு ஆகிறான். தனக்கெனப் பெயரோ ஊரோ குடியோ இல்லாமல், வெட்டிய மரத்தின் நிறத்தால் மட்டும் அறியப்படும் ஒருவன் இறக்கும்போது, படிப்பவர் நெஞ்சில் அது பெரிய அதிர்வை எழுப்பாது. ஆங்கில இதழ்களில் 'ஸ்மக்ளர்' என்னும் சொல்லும் மரம் வெட்டுவோர் என்னும் பொருளுடைய சொல்லும் மாறிமாறி வந்தன. சில வேளைகளில் ஒரே செய்திக்குள், தலைப்பில் ஒன்றும் உடற்பகுதியில் மற்றொன்றுமாக. கடத்துபவர் என்பவர் சரக்குக்கு உரியவர், விற்றுப் பொருள் ஈட்டுபவர். கோடரி பிடித்து நாட்கூலி பெறுபவரை அப்பெயரால் அழைத்தல் பொருட்பிழை மட்டுமன்று. துறைமுகத்தில் நிற்பவரையும் மலையில் நிற்பவரையும் அது ஒருவராக்கிவிடுகிறது. அவ்வாறு ஆக்கியபின் மலையில் நிற்பவரைச் சுட்டாலே கடத்தல் நின்றுவிடும் என்ற எண்ணம் தானாகவே பின்தொடர்கிறது.

வினைச்சொற்களும் கருதத்தக்கவை. 'எதுரு கால்புலு', அதாவது எதிரெதிர்த் துப்பாக்கிச்சூடு, என்ற தொடர் தெலுங்கு இதழ்களில் 1960களின் இறுதியில் சிறீகாகுளம் நக்சல்பாரி இயக்கக் காலந்தொட்டுப் பழகியது. இரு பக்கமும் சுட்டதாக அது முன்கூட்டியே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. காவல்துறையின் கூற்றுப்படியே கூட, மரம் வெட்டுவோர் கல்லையும் கோடரியையும் கொண்டு தாக்கினர் என்றுதான் சொல்லப்பட்டது. தமிழில் இதற்கு 'மோதல்' என்று எழுதுவோரும் 'என்கவுன்ட்டர்' என்றே எழுதுவோரும் உண்டு. '20 பேர் பலி' என்று தலைப்பிடும் வழக்கமோ இன்னும் நுட்பமானது. 'பலி' என்பது பெயர்ச்சொல். அதற்கு எழுவாய் வேண்டாம். 'உயிரிழந்தனர்' என்பது தன்வினை. இறந்தவரே அதற்கு எழுவாய். 'கொல்லப்பட்டனர்' என்னும் செயப்பாட்டுவினையில் செய்தவர் மறையலாம், எனினும் செய்தவர் ஒருவர் உண்டு என்ற குறிப்பேனும் எஞ்சும். 'பணிக்குழு சுட்டுக்கொன்றது' என்னும் செய்வினைத் தொடரில்தான் அனைத்தும் வெளிப்படையாக உள்ளன. இதழாசிரியர் இந்நான்கில் எதைத் தேர்கிறார் என்பதை வைத்தே அவர் எவ்வளவு பொறுப்பை யார்மேல் சுமத்தத் துணிகிறார் என்பதை அறியலாம். இக்கட்டுரையின் முதல் தொடரும் செயப்பாட்டுவினையில் அமைந்ததே. ஆனால் மூன்றாம் தொடரிலேயே சுட்டது யார் என்று கூறாதிருந்தால் அதுவும் இக்குறைக்கு ஆளாகியிருக்கும்.

இனித் தமிழ் இதழ்களின் சார்பை ஆராய்தல் வேண்டும். தெலுங்கு இதழ்களின் சார்பைக் காண்பது தமிழ் வாசகருக்கு எளிது. தம்முடையதைக் காண்பது அரிது. 'அப்பாவித் தமிழர்கள்' என்பது அன்று மிகப் பரவலாக வழங்கிய தொடர். இதில் இரு சொற்களுமே சில உண்மைகளை மறைத்தன. இறந்தவர்களுள் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர். சமவெளியைச் சேர்ந்த பிற வகுப்பினரும் இருந்தனர். 'தமிழர்' என்ற பொதுப்பெயர் அவர்களை ஒன்றாக்கியது. மழை பொய்த்த ஊர்கள், தமிழ்நாட்டு அரசின் கவனத்திற்கு வராத மலைக்கிராமங்கள், இடைத்தரகர் தரும் முன்பணம் ஆகியவை இப்பெயருக்குள் மறைந்தன. ஜவ்வாது மலையில் சந்தனமரம் செழித்திருந்த காலம் ஒன்று உண்டு. திருப்பத்தூரில் அரசின் சந்தனக்கிடங்கு இருந்ததும் அதனால்தான். மரத்தின் வைரத்தை இனங்காணும் கைத்திறன் அம்மலையில் இருந்தது, மரமோ தீர்ந்துபோனது. அத்திறனே ஆட்களைச் சேசாசலத்திற்கு இட்டுச்சென்றது. இதை எழுதப் புகுந்தால் தமிழ்நாட்டின் வன நிருவாகத்தைப் பற்றியும் எழுத நேரும்.

'அப்பாவி' என்னும் சொல் இன்னும் ஆழமான சிக்கல் உடையது. மரம் வெட்டச் சென்றவராயின் அவர் அப்பாவி அல்லர் என்றும், அப்பாவி அல்லராயின் கொலை அவ்வளவு குற்றமன்று என்றும் ஒரு வாதத்திற்கு அது வழிவிடுகிறது. ஆந்திர நாளிதழ் 'கடத்தல்காரர்' என்று எழுதியதும் தமிழ் நாளிதழ் 'அப்பாவி' என்று எழுதியதும் எதிரெதிர் நிலைபோலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றையே ஏற்றுக்கொள்கின்றன: ஒருவன் மரத்தை வெட்டினானா என்பதைப் பொறுத்தே அவன் உயிரின் மதிப்பு அமையும். சட்டம் அவ்வாறு கூறவில்லை. காட்டுமரத்தை வெட்டுவதற்குரிய தண்டனை சிறையும் தண்டத்தொகையுமே. தற்காப்பு என்னும் கூற்றும் காவல்துறை சொல்லிவிடுவதால் மட்டும் நிலைபெறுவதன்று. 2009இல் ஆந்திர உயர்நீதிமன்றத்தின் ஐவர் அமர்வும், நிகழ்வுக்கு ஏழு மாதம் முன்னதாக 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும் இத்தகைய சாவுகளில் முதல் தகவல் அறிக்கையும் விசாரணையும் தேவை என்று வகுத்திருந்தன. இவ்வளவுகோல் செய்தியாளர் கையில் இருந்தது. முதல் இரு நாட்களில் அதைப் பயன்படுத்திக் கேள்வி கேட்ட செய்திகள் மூன்று மொழிகளிலுமே குறைவு.

காவல்துறைக் குறிப்பும் பகுதிநேரச் செய்தியாளரும்

இக்குறையை இதழாசிரியரின் மனச்சாய்வாக மட்டும் கொள்ளுதல் பிழையாகும். செய்தி உற்பத்தியாகும் முறையிலும் இதற்குக் காரணம் உண்டு. ஈநாடு நாளிதழ் 1982இல் திருப்பதிப் பதிப்பைத் தொடங்கியது முதல், தெலுங்கு இதழியல் மாவட்டம், வட்டம், ஊர் எனக் கீழ்நோக்கிப் பரந்தது. மக்களாட்சிக்கு அது பெரும் கொடை. பள்ளிக்கூரையும் குடிநீர்க்குழாயும் செய்தியாயின. அப்பக்கங்களை நிரப்புவோர் பெரும்பாலும் பகுதிநேரச் செய்தியாளர்கள். நாள்தோறும் அவர்கள் செய்திக்காகச் செல்வது காவல்நிலையத்திற்கும் வனச்சரக அலுவலகத்திற்கும். பிடிபட்ட கட்டைகளை வரிசையாக அடுக்கி, பிடிபட்டவரைத் தரையில் அமர்த்தி, பின்னால் அலுவலர் நிற்கும் ஒளிப்படம் இம்முறையில் பிறந்தது. அப்படத்தில் பேசும் உரிமை நிற்பவருக்கு மட்டுமே. அமர்ந்திருப்பவரின் மொழி செய்தியாளருக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். தமிழ்ச் செய்தியாளர்களோ மறுபுறம் இறந்தோரின் வீடுகளுக்குச் சென்றனர். அவர்களுக்குக் காடு தெரியாது.

ஒளிப்படமே சான்றாக மாறிய தருணமும் இந்நிகழ்வில் உண்டு. உடல்களுக்கு அருகில் கிடந்த கட்டைகள் புதிதாக வெட்டப்பட்டவையாகத் தோன்றவில்லை என்றும் சிலவற்றில் வண்ணக் குறிகள் காணப்பட்டன என்றும் மனித உரிமை அமைப்புகளும் சில இதழ்களும் வினா எழுப்பின. காவல்துறைக் கூற்றுக்குத் துணையாக வெளியிடப்பட்ட படங்களையே அவர்கள் எடுத்துக்காட்டினர். ஏப்ரல் 13 அன்று தேசிய மனித உரிமை ஆணையத்தின்முன் நிறுத்தப்பட்ட சாட்சிகள், உடன்வந்தவர்கள் காட்டில் அன்று, வழியில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டுப் பிடித்துச்செல்லப்பட்டனர் என்று கூறினர். அருகில் ஒரு பெண் அமர்ந்திருந்தமையால் தாம் ஐயத்திற்கு ஆளாகாமல் தப்பியதாக அவர்களுள் ஒருவர் தெரிவித்தார். காட்டுக்குள் என்ன நடந்தது என்பதிலிருந்து சாலையில் என்ன நடந்தது என்பதற்கு வினா இடம்பெயர்ந்தது. ஆறு நாட்கள் வரை செய்திகள் காட்டைவிட்டு வெளியே வராமைக்கு, காட்டிலிருந்து பேசியவர் ஒரு தரப்பினர் மட்டுமே என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வாச்சாத்தி தரும் ஒப்பீடு

அண்டை மாநிலக் காவல்துறையைத் துணிந்து வினவிய தமிழ் இதழ்கள், தம் மாநிலத்தில் அவ்வாறே செய்தனவா என்பதற்கு வாச்சாத்தி விடை தருகிறது. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அச்சிற்றூருக்குள் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடி நுழைந்தனர். ஊர் சூறையாடப்பட்டது, 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். மலைவாழ் மக்கள் சங்கத்தினர் நேரில் சென்று வெளிப்படுத்தும்வரை பெருவாரியான வாசகர்களுக்கு அது சந்தனக்கட்டை மீட்பு நடவடிக்கையாகவே இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 அலுவலர்களுள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அக்காலத்தில் 'சந்தனக் கடத்தல்' என்ற அடைமொழி தமிழ் இதழ்களில் வீரப்பன் பெயரோடு மட்டும் நிற்கவில்லை. அவர் நடமாடிய மலைகளின் ஊர்கள்மீதும் அதன் நிழல் படிந்தது. 1992இல் சந்தனக்கட்டையின் பெயரால் ஐயுறப்பட்ட அதே சித்தேரி மலைச்சூழலிலிருந்து 2015இல் சேசாசலத்திற்குச் சென்று இறந்தவர்கள் 'அப்பாவித் தமிழர்' ஆயினர். மாறியது அவர்கள் அல்லர். சுட்டவரின் மாநிலம் மாறியது.

வாங்குவோர்

மூன்று மொழி இதழ்களிலும் ஒருசேர இல்லாதவர் வாங்குபவர். செம்மரத்தின் பெருஞ்சந்தை சீனா. மிங், சிங் அரசமரபுக் காலந்தொட்டு அங்கே 'சிதான்' எனப்படும் கருஞ்சிவப்பு மரத் தளவாடங்களுக்கு அரண்மனை மதிப்பு உண்டு. அம்மரத்திற்கெனவே 1999இல் பெய்ஜிங்கில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சப்பானில் இசைக்கருவி உறுப்புகளுக்கும் செம்மரம் பயன்பட்டது. அம்முனையில் மரம் பண்பாட்டுச் செய்தி; இம்முனையில் குற்றச்செய்தி. இடையே சரக்குந்து, கிடங்கு, துறைமுகம், அரசியல் துணை என நீளும் சங்கிலி ஒரு தலைவன் பிடிபடும்போது மட்டும் ஒரு நாள் வெளிச்சம் பெறுகிறது. 2015 நவம்பரில் அவ்வாறு ஒருவர் மொரீசியசிலிருந்து கொண்டுவரப்பட்டார். 2014இன் இறுதியில் ஆந்திர அரசே தான் கைப்பற்றிய செம்மரங்களை உலக அளவில் ஏலத்திற்கு வைத்தது. காப்பவரும் விற்பவரும் ஒருவராக உள்ள நிலையில் காட்டின் நலனும் கருவூலத்தின் நலனும் ஒன்றுதானா என்பது சூழலியல் இதழியல் கேட்டிருக்க வேண்டிய வினா. ஏலச் செய்தி வருவாய்ச் செய்தியாகவும் சாவுச் செய்தி குற்றச்செய்தியாகவும் தனித்தனியே நின்றமையால் இரண்டையும் இணைத்துப் பார்க்க வாசகருக்கு வாய்ப்பில்லை. 2021 திசம்பரில் வெளிவந்த 'புஷ்பா' திரைப்படம் கூலியாகத் தொடங்கிக் கடத்தல் தலைவனாக உயர்பவனை நாயகனாக்கியது. நாளிதழில் இழிந்தவனாகவும் திரையில் வீரனாகவும் ஒருவனே தோன்றுவதில் முரண் ஏதுமில்லை. இரண்டிலும் மரம் வெறும் பின்புலமே.

விடுதலை

ஏப்ரல் 2015க்கு முன்நிகழ்வு ஒன்று உண்டு. தமிழ் இதழ்கள் அதை மிகச் சுருக்கமாகவே நினைவூட்டின. 2013 திசம்பரில் சேசாசலக் காட்டில் வன அலுவலர் இருவர் மரம் வெட்டுவோரால் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாயிற்று. பணிக்குழு தோன்றியதும் அதன் கடுமையும் அச்சாவுகளோடு தொடர்புடையன. தெலுங்கு இதழ்களின் சீற்றத்திற்கு அது உண்மையான காரணம். அக்காரணத்தைத் தவிர்த்துவிட்டு அவற்றின் சார்பைப் பேசுவது நேர்மையாகாது. வழக்கில் 280க்கும் மேற்பட்ட தமிழர்கள் குற்றஞ்சாட்டப்பட்டனர். பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தனர். 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

அவர்கள் பிடிபட்டபோது தெலுங்கு இதழ்களில் அது கொலைகாரர் பிடிபட்ட செய்தி. விடுதலையானபோது தமிழ் இதழ்களில் அது தமிழர் விடுதலையான செய்தி. இத்தனை பேரை ஒருங்கே குற்றவாளிகளாக நிறுத்தியபோது, தனியொருவர் செய்த செயல் எது என்று மெய்ப்பிப்பது எவ்வாறு இயலும் என்று 2013இல் கேட்டவர் குறைவு. அனைவரும் விடுவிக்கப்பட்ட நிலையில் அவ்விரு அலுவலர்களைக் கொன்றவர் யார் என்று 2016இல் கேட்டவர் அதனினும் குறைவு. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன. மறுநாள் நாளிதழ்களில் 'எர்ர கூலீலு' என்பதும் 'அப்பாவித் தொழிலாளர்' என்பதும் மீண்டும் அச்சாயின.